ஐந்து வாளி பால்

கிளர்ச்சி முடிந்த மறுநாள் காலை. பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டியாயிற்று. வாயிலில் இருந்த பழைய பெயரை அழித்து 'விலங்குப் பண்ணை' என்று எழுதியாயிற்று. தார் பூசிய களஞ்சியச் சுவரில் ஏழு கட்டளைகளும் வெள்ளை எழுத்தில் ஏறிவிட்டன. அப்போதுதான் பசுக்கள் கத்த ஆரம்பிக்கின்றன. ஒரு நாள் முழுக்கக் கறக்காததால் மடி கட்டிப்போய் வலி தாங்கவில்லை. பன்றிகளே வாளி கொண்டுவந்து எப்படியோ கறந்துவிடுகின்றன. நுரை பொங்க ஐந்து வாளி பால். இதை என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு குரல் கேட்கிறது. ஜோன்ஸ் சில நாள் எங்கள் தீனியில் கொஞ்சம் கலப்பான் என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் என்ற பன்றி வாளிகளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் முக்கியம், நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்கிறது. எல்லோரும் வைக்கோற்புல் அறுக்கப் போகிறார்கள். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் பாலைக் காணோம்.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1945 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' (அனிமல் ஃபார்ம்) நாவலின் இரண்டாம் அத்தியாயம் இப்படி முடிகிறது. தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். படித்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பது கடைசிக் காட்சிதான்: பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாட, சன்னல் வழியாகப் பார்க்கிற விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியாமல் போவது. ஆனால் 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், கதையின் திருப்புமுனை பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட இடம்தான் என்று ஆர்வெல் சொல்கிறார். மற்ற விலங்குகள் அங்கேயே மறித்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்பது அவர் எண்ணம். சோவியத் வரலாற்றில் அதற்கு இணையாக அவர் காட்டுவது 1921இல் புரட்சி அரசை எதிர்த்து எழுந்த கிரான்ஷ்டாட் கடற்படை வீரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதை.

இந்தக் கடிதத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் இந்த நாவலை 'அதிகாரம் மனிதனைக் கெடுக்கும்' என்ற ஒரு வரியில் சுருக்கிவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆக்டன் பிரபு 1887இல் ஒரு கடிதத்தில் எழுதிய வாசகத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டால் விஷயம் முடிந்துபோகிறது. இப்படிச் சுருக்கினால், தலைவன் கெடுவது பால் புளிப்பதுபோலத் தானாக நடக்கிற காரியமாகிவிடும். நம்மிடமும் ஒரு பழமொழி உண்டு: தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? கவுன்சிலர் தொடங்கி மந்திரி வரைக்கும் இந்த ஒரு வரியால் நாம் மன்னித்திருக்கிறோம். ஆர்வெல் எழுதியது இந்த மன்னிப்புக்கு எதிரான கதை. பால் எந்தக் கணத்தில் கைமாறியது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யார் என்ன சொல்லி வாயை அடைத்தார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெப்போலியன் நல்லவனாக இருந்து கெட்டுப்போனவன் கிடையாது. அதன் மனதுக்குள் நாம் ஒருமுறைகூட நுழைவதில்லை. அது தயங்கியதா, இரவில் தூங்கியதா, முதல் கொலைக்குப் பிறகு என்ன நினைத்தது, எதுவும் தெரியாது. வழக்கமான நாவலில் இது பெரிய குறை. உருவகக் கதையில் இதுவே பலம். ஒரு நாட்டை ஒரு பண்ணை அளவுக்குச் சுருக்கி, தலைவனின் உள்மனதை மூடிவைத்துவிட்டால், நம் கண் தானாகவே அவனைச் சுற்றி இருப்பவர்கள் பக்கம் திரும்புகிறது. அவர்களில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் கதையே.

ஆர்வெலின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று புரியும். எரிக் பிளேர் என்ற இயற்பெயரோடு 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேய அரசின் அபின் துறையில் வேலை பார்த்தவர். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. அதிகாரத்தின் உள்ளே இருந்து, காக்கி போட்டுக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர். அப்புறம் ஸ்பெயின். ராணுவத் தளபதி பிராங்கோவை எதிர்த்துச் சண்டை போடப் போன இடத்தில் 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. பிழைத்து எழுந்த சில வாரங்களுக்குள், அவர் சேர்ந்திருந்த போவும் என்ற இடதுசாரிக் கட்சியைத் துரோகிகள் என்று சொல்லி ஸ்டாலின் ஆதரவாளர்கள் வேட்டையாடத் தொடங்கினார்கள். கூட நின்று போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆர்வெலும் மனைவியும் ஜூனில் எல்லை தாண்டித் தப்பினார்கள். லண்டனுக்குத் திரும்பினால், கண்ணால் பார்த்ததற்கு நேர்மாறான செய்தியை நல்லவர்கள், படித்தவர்கள் பத்திரிகையில் படித்துவிட்டு நம்பிக்கொண்டிருந்தார்கள். தலைவர்களின் கொடுமையைவிட இந்த நம்பிக்கைதான் அவரை அதிகம் உலுக்கியிருக்கிறது. நெப்போலியனுக்காகப் பேசி எல்லோரையும் நம்பவைக்கும் ஸ்க்வீலர் என்ற பன்றி அங்கேதான் பிறந்தது என்பேன்.

பால் விஷயம் சீக்கிரமே வெளியே வருகிறது. தினமும் பன்றிகளின் தீனியில் கலக்கிறார்கள். காற்றில் உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. முணுமுணுப்பு எழுகிறது. ஸ்க்வீலர் வந்து விளக்குகிறது. எங்களில் பலருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் நாங்கள் மூளையைப் பயன்படுத்தி உழைப்பவர்கள், உடம்பு கெடாமல் இருக்க அது தேவை என்று அறிவியலே நிரூபித்துவிட்டது. உங்களுக்காகத்தான் நாங்கள் குடிக்கிறோம். நாங்கள் கடமையில் தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், அவன் வரவேண்டும் என்று உங்களில் யாராவது விரும்புகிறீர்களா? அவ்வளவுதான், எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். ஜோன்ஸ் வேண்டாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஒரு உண்மையை வைத்து அடுத்து வருகிற எல்லாப் பொய்க்கும் ரசீது போட்டுவிடுகிறது ஸ்க்வீலர். பழைய எதிரி திரும்பி வந்துவிடுவான் என்ற பயத்தை இன்றைக்கும் எத்தனை கட்சிகள், எத்தனை நாடுகளில் வாய்ப்பூட்டாகப் பயன்படுத்துகின்றன என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆப்பிள் விஷயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்தாக இருந்தன, நெப்போலியனும் ஸ்னோபாலும்கூட. ஸ்னோபால் நமக்குப் பிடித்த பன்றி. ஸ்டாலினோடு நடந்த அதிகாரப் போட்டியில் தோற்று நாடு கடத்தப்பட்ட சோவியத் தலைவர் ட்ராட்ஸ்கியின் சாயல். நெப்போலியன் ஸ்டாலினின் சாயல். எழுத்துச் சொல்லிக் கொடுக்கும், கமிட்டி அமைக்கும், முன்னால் நின்று சண்டை போட்டு ரத்தம் சிந்தும், காற்றாலைக்குத் திட்டம் வரையும். மற்ற எதிலும் நெப்போலியனோடு ஒத்துப்போகாத ஸ்னோபால், சலுகை என்று வந்தபோது ஒத்துப்போனது. பிறகு நாய்கள் அதைத் துரத்தியபோது யாரும் குறுக்கே வரவில்லை. ஸ்னோபால் ஆட்சியில் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்த ஆப்பிள் வாக்கியத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். நல்ல தலைவன், கெட்ட தலைவன் என்ற பிரிவுக்கு முன்னாலேயே, தலைமைக்கென்று ஒரு தனித் தீனித்தொட்டி உருவாகிவிட்டது.

சரி, சட்டம் சுவரில் இருக்கிறதே, அதைக் காட்டிக் கேட்டிருக்கலாமே? இதற்கு ஆர்வெல் கொடுக்கும் பதில் என்னை எப்போதும் வேதனைப்படுத்தும். பன்றிகளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். நாய்களுக்கும் தெரியும், ஆனால் ஏழு கட்டளைகளைத் தவிர வேறெதையும் படிக்க ஆசையில்லை. மியூரியல் என்ற ஆட்டுக்குக் குப்பையில் கிடக்கிற பத்திரிகைத் துண்டைப் படிக்கிற அளவுக்குத் தெரியும். பெஞ்சமின் என்ற கழுதைக்குப் பன்றிகளுக்கு நிகராகத் தெரியும், ஆனால் படிக்காது. படிக்கிற அளவுக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது அதன் கட்சி. குளோவர் என்ற பெண் குதிரைக்கு எல்லா எழுத்தும் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை நாலாவது எழுத்தைத் தாண்டவே இல்லை.

பன்றிகள் ஜோன்ஸின் வீட்டுக்குள் குடிபோய்க் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் குளோவருக்கு உறுத்துகிறது. கட்டிலில் படுக்கக்கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததாக ஞாபகம். சுவர் வரைக்கும் நடந்து போகிறது. படிக்க முடியவில்லை. மியூரியலைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறது. விரிப்போடு கூடிய கட்டிலில் எந்த விலங்கும் படுக்கக்கூடாது என்று மியூரியல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. விரிப்பைப் பற்றி இருந்த ஞாபகமே இல்லையே, ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் நமக்குத்தான் மறந்துபோயிருக்கும். குளோவர் முட்டாள் கிடையாது. சந்தேகப்பட்டது, நடந்துபோய்ச் சரிபார்க்கவும் செய்தது. அந்தப் பண்ணையில் ஒரு குடிமகன் செய்ய வேண்டியதைச் செய்த ஒரே பிராணி அது. ஆனால் சுவரும் வாளி வைத்திருப்பவர் கையில்தான் இருந்தது. பிறகு மது பற்றிய கட்டளை மாறுகிறது, கொலை பற்றியதும் மாறுகிறது. ஒருநாள் நடுராத்திரி ஏணி முறிந்து, ஸ்க்வீலர் தூரிகையும் வெள்ளைப் பெயிண்டுமாகச் சுவரடியில் விழுந்து கிடக்கிறது. அதைப் பார்த்தும் பெஞ்சமினைத் தவிர யாருக்கும் புரியவில்லை. பெஞ்சமின் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது.

நாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கல்வி கொடுக்கிறேன் என்று பரணில் வைத்து வளர்த்த நெப்போலியன், அவை பெரிதானதும் ஸ்னோபால் மேல் ஏவிவிடுகிறது. ரகசியப் போலீஸ் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கதை கிடையாது. அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் விவாதமும் ஓட்டெடுப்பும் ரத்தாகின்றன. நாலு இளம் பன்றிகள் எழுந்து எதிர்க்கின்றன. நாய்கள் உறுமியதும் உட்கார்ந்துவிடுகின்றன. பின்னால் கழுத்து கடிபட்டுச் சாகும் முதல் நாலு பிராணிகள் அவைதான்.

வள்ளுவர் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார்: "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்." தவறு செய்தால் கண்டிக்க ஆள் இல்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவன் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார். கண்டிக்க ஆள் வேண்டும் என்பதில் ஆர்வெல் அவரோடு நிற்கிறார். விளைவு என்ன என்பதில் விலகுகிறார். நெப்போலியன் கெட்டு அழியவில்லை. கொழுத்து, வயதாகி, சாராயம் குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. அழிந்தது பாக்ஸர். இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரிகளில் படுக்கையிலேயே செத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், இந்த விஷயத்தில் ஆர்வெல் சொன்னதே நடந்திருக்கிறது என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாக்ஸரைப் பற்றித்தான் நான் நின்று பேச விரும்புகிறேன். பண்ணையிலேயே பலசாலி. இன்னும் கடுமையாக உழைப்பேன், நெப்போலியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இந்த இரண்டும் அதன் தாரக மந்திரம். துரோகிகள் என்று சொல்லி விலங்குகளைக் கொன்ற களையெடுப்பு நாளில், நாய்களில் மூன்று பாக்ஸர் மேலேயே பாய்கின்றன. பாக்ஸர் பெரிய குளம்பை நீட்டி ஒரு நாயை அந்தரத்திலேயே பிடித்துத் தரையோடு அழுத்துகிறது. நாய் உயிருக்குக் கெஞ்சுகிறது. மற்ற இரண்டும் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு ஓடுகின்றன. அப்போது பாக்ஸர் என்ன செய்கிறது? கொல்லவா, விடவா என்று கேட்பதுபோல நெப்போலியனைத் திரும்பிப் பார்க்கிறது. விடு என்று நெப்போலியன் அதட்டுகிறது. பாக்ஸர் காலைத் தூக்குகிறது. சில நிமிடங்களில் அங்கே பிணங்கள் குவிகின்றன.

மொத்த நாவலிலும் என்னை அதிகம் கலங்கடிக்கும் இடம் இது. அந்த ஒரு நொடியில் அதிகாரம் முழுக்க பாக்ஸரின் குளம்புக்கடியில் இருந்தது. ஏவிய ஆளும் எதிரே நின்றது. ஆனாலும் பாக்ஸருக்கு அனுமதி தேவைப்பட்டது. பயத்தால் அடங்கியவர்களைப் பற்றி எழுதுவது எளிது. பாக்ஸர் பயப்படவில்லை. அது நேர்மையான, உழைக்கிற, அன்பான ஜீவன். தன் தீர்ப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். கொலைகளைப் பார்த்த பிறகும், நம்மிடம்தான் ஏதோ குறை இருக்கும், இனி ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து வேலை செய்கிறேன் என்று கல் இழுக்கப் போய்விடுகிறது. கடைசியில் நுரையீரல் கெட்டு விழுந்ததும், மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி அடிமாட்டுக்கு விற்றுவிடுகிறார்கள். வண்டியின் பக்கவாட்டில் குதிரை அறுப்பவன் பெயர் எழுதியிருக்கிறது. அதை வாய்விட்டுப் படித்துக் கத்துவது பெஞ்சமின். அத்தனை வருஷம் படிக்காமல் இருந்த கழுதை, படித்தபோது வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பணத்தில் பன்றிகள் ஒரு பெட்டி விஸ்கி வாங்கியதாகப் பேச்சு வருகிறது.

இந்த நாவல் அச்சாவதற்குப் பட்ட பாடும் இதே விஷயத்தின் தொடர்ச்சிதான். 1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரிக்குள் எழுதி முடித்தார். அப்போது சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளி. பல பதிப்பாளர்கள் மறுத்தார்கள். ஜோனதன் கேப் பதிப்பகம் முதலில் சம்மதித்து, அரசின் தகவல் அமைச்சகத்தில் இருந்த ஓர் அதிகாரியின் யோசனையைக் கேட்டு, பின்வாங்கியது. அந்த யோசனையைச் சொன்னவராகக் கருதப்படும் பீட்டர் ஸ்மாலெட் சோவியத் உளவாளி என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. ஃபேபர் பதிப்பகத்திலிருந்து டி.எஸ். எலியட் எழுதிய மறுப்புக் கடிதம் இன்னும் சுவாரசியமானது. பன்றிகள்தான் மற்ற விலங்குகளைவிட அறிவானவை, ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவை. தேவைப்பட்டதெல்லாம் இன்னும் கொஞ்சம் பொதுநல நோக்குள்ள பன்றிகள்தான் என்று ஒருவர் வாதிடலாமே என்பது அவர் கருத்து. எலியட் மாபெரும் கவிஞர். ஆனால் இது ஸ்க்வீலர் ஆப்பிளுக்குச் சொன்ன வாதமேதான். அறிவாளிகள் ஆளட்டும், நல்ல அறிவாளிகளாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கையைத்தான் நாவல் முதல் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கிறது. மெக்டொனால்டுக்கு எழுதிய அதே கடிதத்தில், மக்கள் விழிப்பாக இருந்து, வேலை முடிந்ததும் தலைவர்களை இறக்கிவிடத் தெரிந்திருந்தால்தான் புரட்சியால் பயன் என்றார் ஆர்வெல். பன்றியின் குணத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. அதை இறக்குவதற்கான வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

அவர் நியாயமாக எழுத எவ்வளவு மெனக்கெட்டார் என்பதற்கு ஒரு சான்று. காற்றாலை வெடிவைத்துத் தகர்க்கப்படும்போது நெப்போலியன் உள்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில், புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், நெப்போலியனைத் தவிர என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அந்த நியாயத்தை அவருக்குச் செய்ய வேண்டும் என்றார். தான் வெறுத்த ஆளுக்கும் உரியதைக் கொடுக்கிற எழுத்தாளனை நம்பலாம்.

சோவியத் யூனியன் போன பிறகும் இந்த உருவகம் பழையதாகவில்லை. ஜிம்பாப்வேயில் 2001இல் டெய்லி நியூஸ் நாளிதழின் அச்சு இயந்திரங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. அதே ஆண்டு அந்தப் பத்திரிகை விலங்குப் பண்ணையைத் தொடராக வெளியிட்டது. அப்போது அந்நாட்டை ஆண்ட முகாபேயும் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறையிருந்தவர், விடுதலைப் போரை நடத்தியவர். 2017 நவம்பரில் ராணுவம் அவரை இறக்கியபோது மக்கள் தெருவில் ஆடிப் பாடினார்கள். அடுத்து வந்தவர் பல காலம் அவர் பக்கத்திலேயே இருந்தவர். அந்நாட்டு எழுத்தாளர் நோவயலட் புலவாயோ இதைத் தன் 'குளோரி' நாவலில் விலங்குகளை வைத்தே எழுதினார். 2022இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த நூல். அதில் ஆள்வது ஒரு கிழட்டுக் குதிரை. விழுவதும் புதியது வருவதும் சீக்கிரமே நடந்துவிடுகின்றன. நாவலின் பெரும்பகுதி அதற்குப் பிறகான ஏமாற்றம், எண்பதுகளின் படுகொலைகளில் இறந்தவர்களைப் பேசவே முடியாமல் வாழ்ந்த குடும்பங்கள், மெல்லப் பேசத் தொடங்கும் வாய்கள். ஆர்வெலின் பண்ணையில் பாக்ஸருக்குப் பிறகு பேச ஆள் இல்லை. புலவாயோ அந்த இடத்திலிருந்து முன்னால் போகிறார். இதை நான் பெரிய வளர்ச்சியாக நினைக்கிறேன்.

ஆர்வெலின் முடிவை மாற்றியவர்களும் உண்டு. 1954இல் பிரிட்டனில் வந்த கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்காவின் சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது. அதில் சன்னலுக்குள் மனிதர்கள் இல்லை, பன்றிகள் மட்டுமே. விலங்குகள் திரண்டு வந்து நெப்போலியனைக் கவிழ்க்கின்றன. மனிதர்களை எடுத்துவிட்டால் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் ஒன்று என்ற குற்றச்சாட்டில் பாதி காணாமல் போய்விடும். யாருக்கு அது சௌகரியம் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ஆர்வெல் அந்தக் காட்சியை எழுதியது 1943 இறுதியில் நடந்த டெஹ்ரான் மாநாட்டுக்குச் சற்றுப் பின்னால். ஸ்டாலின், சர்ச்சில், ரூஸ்வெல்ட் மூவரின் உறவும் நீடிக்காது என்று நினைத்துத்தான் ஒரே சமயத்தில் இருவர் ஸ்பேட் ஏஸை இறக்குவதாகச் சீட்டாட்டத்தைச் சண்டையில் முடித்தார்.

இதையெல்லாம் அவரே விளக்கியது உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு 1947இல் எழுதிய முன்னுரையில். மொழிபெயர்த்த இஹோர் ஷெவ்செங்கோ, போருக்குப் பிறகு ஜெர்மனியின் முகாம்களில் கிடந்த சோவியத் அகதிகளுக்கு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வாய்மொழியாகவே சொல்லியிருக்கிறார். கொலைகள் முடிந்தபின் விலங்குகள் குன்றின் மேல் தங்கள் பழைய பாட்டைப் பாடும் இடத்தில் கேட்டவர்கள் கலங்கிப்போனதாக ஆர்வெலுக்கு எழுதினார். ஆர்வெல் ராயல்டி வாங்கவில்லை. அச்சான பிரதிகளில் ஏறத்தாழ 1,500ஐ அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பறிமுதல் செய்து சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். மற்றவை அதற்குள் முகாம்களில் கைமாறிப் போயிருந்தன.